காப்புக் கட்டியவன் ஓட்டிய சைக்கிள்

நேர்த்திக்கடனுக்காகத் தீ மிதிக்கப் போகிறவன், அதற்கு இரண்டு நாள் முன்னால் மலை சைக்கிள் ஓட்டலாமா கூடாதா என்று எந்தச் சாத்திரத்திலும் எழுதி வைக்கவில்லை. இப்படியொரு சந்தேகம் வரும் என்று எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது. யங்கோனில், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ஒரு ஹார்டுவேர் கடையில், பூட்டுக்கும் கீலுக்கும் நடுவே பகல் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நாற்பத்தொன்பது வயது ஆள் ஒருவன் பின்னால் பிறந்து வருவான் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

என் மகளுக்கு மலேசியாவில், ஜோகூரில் வேலை கிடைத்திருந்தது. அவளுக்கு இருபத்து மூன்று வயது. அந்த வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் எங்கள் ஊரில் இப்போது வேறு பேச்சே இல்லை. பாஸ்போர்ட் வந்துவிட்டதா, விசா வந்துவிட்டதா, எல்லாம் வந்தபிறகும் புறப்படுகிற அன்று ஏதாவது ஒரு தாள் சரியில்லை என்று நிறுத்திவிட மாட்டார்களே என்பதுதான் பேச்சு. பக்கத்துக் கட்டடத்துப் பெண் பெட்டியோடு விமான நிலையம் போய், பெட்டியோடே திரும்பி வந்து, ஒரு வாரம் கதவைத் திறக்கவில்லை. அதைப் பார்த்ததிலிருந்து நான் என் மகளின் தாள்களைத் தினமும் எடுத்து எண்ணிப் பார்த்தேன். மாரியம்மனிடம் நேர்ந்துகொண்டேன். என் பிள்ளை தடங்கல் இல்லாமல் போய்ச் சேரட்டும், இந்தப் பங்குனியில் உனக்குப் பூ மிதிக்கிறேன் என்று.

காரியம் முடிந்த பிறகுதான் கடன் தீர்ப்பது வழக்கம். ஆனால் திருவிழா ஞாயிற்றுக்கிழமை, அவள் விமானம் அதற்கடுத்த புதன்கிழமை. முன்பணம் கொடுத்தால் சரக்கு நிச்சயம் வந்து இறங்கும் என்பது வியாபாரியின் புத்தி. அம்மனிடமும் அதைத்தான் காட்டினேன்.

பத்து நாளுக்கு முன்பே காப்புக் கட்டிவிட்டார்கள். மணிக்கட்டில் மஞ்சள் துண்டு கோத்த கயிறு. அது ஏறிவிட்டால் ஒருவேளைச் சாப்பாடு, பாயில் படுக்கை, காலில் செருப்பு கிடையாது, ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. நான் வெறுங்காலோடு கடையில் உட்கார்ந்திருந்தேன். ஆணி வாங்க வந்தவர்கள் என் காலைப் பார்த்துவிட்டுக் கும்பிட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. காலை மேசைக்கு அடியில் வைக்காமல் வெளியே தெரிகிற மாதிரி நீட்டிக்கொண்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இனி சைக்கிள் கதை. யங்கோன் நகரத்துக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்ட விடமாட்டார்கள். பெட்ரோலுக்கு வரிசை நீண்ட ஒரு சமயத்தில், இரண்டாம் கையாக ஒரு மலை சைக்கிள் வாங்கினேன். பருத்த டயர், முன்பக்கம் குலுக்கல் தாங்கும் ஸ்பிரிங் கால்கள், வழுக்காமல் இருக்கப் பெடலில் வரிசையாக இரும்பு முள். கண்டோஜி ஏரியை நான்கு முறை சுற்றினேன். நான்காவது முறை நடுவில் இறங்கி மொஹிங்கா சாப்பிட்டேன். அதற்குப்பின் என் மகள் அதை எடுத்துக்கொண்டாள். ஆறு மாதத்தில் தனக்கென்று ஒன்று வாங்கி, பர்மியப் பிள்ளைகள் ஐந்தாறு பேரோடு ஆற்றுக்கு அந்தப்பக்கம் டாலாவுக்குப் போய் ஓட்ட ஆரம்பித்தாள். நான் டீக்கடையில் உட்கார்ந்து, "எங்க வீட்டுல நாங்க ரெண்டு பேருமே மணல்ல ஓட்டுறவங்க" என்று சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு வருடம் இதைச் சொன்னதில் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

அந்த மணலைப் பற்றிச் சொல்ல வேண்டும். டாலாவைத் தாண்டி த்வாண்டே போகிற வழியில், கட்டடம் கட்டுவதற்கென்று ஆற்று மணலை உறிஞ்சிக் குழாய் வழியே கொண்டுவந்து வயல்கள்மேல் கொட்டியிருக்கிறார்கள். கட்டடம் வரவில்லை, மணல் மட்டும் கிடக்கிறது. மழைக்காலத்தில் சேறு. மாசி பங்குனியில் ஒரு புல் கிடையாது, ஒரு நிழல் கிடையாது. பிள்ளைகள் அதற்கு சஹாரா என்று பெயர் வைத்து, நடுவே ஒரு தடம் போட்டிருந்தார்கள். முதலில் காய்ந்து இறுகிய கரை, பிறகு சக்கரம் புதைகிற பொடிமணல், பள்ளத்தின்மேல் ஒற்றைப் பலகை, த்வாண்டே சூளைகளிலிருந்து லாரியில் வந்து கொட்டிய உடைந்த பானைக் குவியல், கடைசியில் இரண்டு ஆள் உயரத்துக்கு மழை அரித்துவிட்ட செங்குத்தான சரிவு. மலை இல்லாத ஊரில் மலை சைக்கிள்காரர்கள் இப்படித்தான் பிழைக்கிறார்கள்.

வியாழக்கிழமை அவள் பழைய வேலையிலிருந்து விடைபெற்று வந்தாள். வந்தவள் என் எதிரில் உட்கார்ந்து, "அப்பா, நாளைக்கு ஒரு தடவ சஹாராவுக்கு ரெண்டு பேரும் போலாமா? அதுக்கப்புறம் நாள் இல்லப்பா" என்றாள்.

என் மகள் எதையும் கேட்கிற பிள்ளை இல்லை. பள்ளிக்கூடம் போகிற காலத்தில்கூடச் செருப்பு அறுந்தால் தானே தைத்துக்கொள்வாள். அவள் வாயைத் திறந்து ஒன்று கேட்டிருக்கிறாள், அதுவும் என்னோடு வருவதற்கு. உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த மணலில் பத்தடிகூடப் போகத் தெரியாதம்மா, நான் ஓரமாக நின்று பார்க்கிறேன் என்று. அதைச் சொல்வதற்குப் பதில் நான், "போலாமே, எத்தன மணிக்கு?" என்றேன்.

அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "காப்புக் கட்டிட்டு சைக்கிளா? செருப்புப் போடாம? ஆத்தத் தாண்டியா?"

அவள் கேட்ட மூன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. டாலாவும் யங்கோனோடு சேர்ந்ததுதான், ஆகவே எல்லை தாண்டவில்லை. செருப்புப் போடவே போவதில்லை, ஆகவே விரதம் கெடவில்லை. பெடலில் முள் இருக்கிறதே என்றால், அதன்மேல் பழைய துண்டைச் சுற்றிக் கட்டிவிடலாம். துண்டைக் கட்டிக்கொண்டிருப்பது சைக்கிள், நான் இல்லை. இந்தத் தீர்ப்புகளை நானே கேட்டு நானே வழங்கி நானே திருப்திப்பட்டுக்கொண்டேன். மனைவி மேற்கொண்டு பேசவில்லை. கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் அவள் பேசாமல் விட்ட இடங்களிலெல்லாம் எனக்கு அடி விழுந்திருக்கிறது, ஆனாலும் ஒவ்வொரு முறையும் அதை நான் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. துண்டு கட்டவே எட்டரை ஆனது. ஃபெர்ரியில் கூட்டம், அதில் சைக்கிளை ஏற்றி இறக்கி மணலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. பங்குனி வெயில் நன்றாக ஏறிவிட்டது. மகள் ஹெல்மெட்டை எனக்கு மாட்டிவிட்டுப் பாடம் சொன்னாள்.

"பிரேக் பிடிக்காதீங்க. இடுப்பப் பின்னாடி தள்ளுங்க. ஹேண்டில கெட்டியாப் பிடிக்காதீங்க, அது போற மாதிரி ஆட விடுங்க. எங்க போகணுமோ அங்க மட்டும் பாருங்க."

"எனக்குத் தெரியாதா" என்றேன். இதைவிடப் பெரிய பொய்யை அந்த மணலில் அதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இறுகிய கரையில் நன்றாகவே போனேன். காற்று முகத்தில் அடித்தது, மகள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள், டீக்கடையில் சொன்னதெல்லாம் பொய்யில்லை என்று ஒரு நிமிடம் மார்பு நிமிர்ந்தது. கரை முடிந்து பொடிமணல் ஆரம்பித்தது. முன்சக்கரம் இடதுபக்கம் போக விரும்பியது. ஆட விடு என்று சொல்லியிருந்தாள். நான் கெட்டியாகப் பிடித்தேன். பிரேக் பிடிக்காதே என்று சொல்லியிருந்தாள். இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். சைக்கிள் நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. ஹேண்டிலைத் தாண்டிப் போய் மணலில் முகம் குப்புற விழுந்தேன்.

அடியொன்றும் படவில்லை. சிரித்துக்கொண்டே எழுந்து நின்றேன். நின்ற பிறகுதான் கால் தெரிந்தது.

தோசைக்கல் என்று சொல்லலாம், ஆனால் தோசைக்கல்லில் யாரும் நிற்பதில்லை. ஒரு காலைத் தூக்கினால் மற்றது வேகிறது, அதைத் தூக்கினால் இது வேகிறது. சட்டென்று சைக்கிளில் ஏறி மிதித்தேன். சக்கரம் அதே இடத்தில் சுழன்று இன்னும் புதைந்தது. மறுபடி இறங்கினேன். தள்ளிக்கொண்டு ஓடினேன். பொடிமணலில் ஓடினால் கால் கணுக்கால்வரை உள்ளே போகிறது, மேலே இருக்கிற சூடு போதாதென்று பக்கத்துச் சூடும் சேர்ந்துகொள்கிறது. எங்கே போகணுமோ அங்கே மட்டும் பார் என்றாளே, பார்த்தேன். பலகை போட்ட பள்ளம் முந்நூறு அடிக்கு அப்பால் இருந்தது. பாதி தூரத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு அதன்மேல் ஏறி நின்றேன். அதன் இரும்பும் சுட்டது.

மகள் திரும்பிப் பார்த்திருக்கிறாள். பொடிமணலில் ஒரு வளையம் அடித்து, என்னமோ தார்ரோட்டில் வருவதுபோல வந்து நின்றாள். என் பாதத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. உட்கார்ந்து தன் இரண்டு ஷூவையும் கழற்றினாள்.

"போடுங்கப்பா."

"வேணாம்மா. காப்புக் கட்டியிருக்கு."

"யாருக்காக நேர்ந்தீங்க? எனக்காகத்தான? நானே சொல்றேன், யாபாடே, ஒண்ணும் ஆகாது. போடுங்க."

அவளுக்கு அவசரம் வந்தால் பர்மியம்தான் முந்திக்கொண்டு வரும். நான் போட மறுத்துவிட்டேன். இதில் வீரம் ஒன்றும் இல்லை, பயம்தான். செருப்புப் போட்டு விரதம் கெட்டு, புதன்கிழமை இவளை யாராவது நிறுத்திவிட்டால் அந்தப் பழி முழுக்க என் பாதத்தின்மேல் அல்லவா விழும். இதை அவளிடம் சொன்னேன். சைக்கிள்மேல் ஒற்றைக்காலில் நின்றபடி சொன்னேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"உங்க காலு இப்பிடி ஆச்சுன்னா நான் எப்படிப்பா நிம்மதியாப் போறது?"

குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர் முழுவதையும் என் காலில் ஊற்றினாள். பிறகு தன் முதுகுப்பையை மணலில் வைத்தாள். வெயிலுக்குப் போட்டிருந்த மேல்சட்டையைக் கழற்றி அதற்கு முன்னால் விரித்தாள். நான் பைமேல் கால் வைத்தேன், சட்டைமேல் கால் வைத்தேன், அவள் பையைப் பிடுங்கி முன்னால் போட்டாள், பிறகு சட்டையை. அரசனுக்கு நடைபாவாடை விரிக்கிற மாதிரி, வயிறு தள்ளிய ஓர் அரசன், தலையில் ஹெல்மெட், மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. இப்படியே பலகைவரை போய், அதற்கப்பால் இருந்த ஒற்றை ஓலைக்கொட்டகை நிழலில் உட்கார்ந்தேன். இரண்டு சைக்கிளையும் அவளே கொண்டுவந்து சேர்த்தாள்.

"போலாம்ப்பா, வீட்டுக்கு" என்றாள்.

"நீ போய் அந்தச் சரிவுல எறங்கிட்டு வா. நான் பாக்கணும்."

அவள் தயங்கினாள். நான் விடவில்லை. கடைசியில் ஏறிப் போனாள். பானைக் குவியலில் சில்லுகள் டயருக்கடியில் நொறுங்கும் சத்தம் இங்கே வரை கேட்டது. சைக்கிள் ஆடியது, அவள் ஆடவில்லை. சரிவின் விளிம்பில் ஒரு கணம் நின்று, இடுப்பைப் பின்சக்கரத்துக்கு மேலே கொண்டுபோய், அரிப்புப் பள்ளங்களுக்கு நடுவே ஒரு முழ அகலத்தில் இறங்கினாள். ஒரு முறைகூடக் கால் ஊன்றவில்லை.  இரண்டு வருடமாக டீக்கடையில் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேனே, ஒரு நாள் வந்து இவளைப் பார்த்திருக்கக் கூடாதா என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. கைதட்டினேன். காலைத் தட்டும் நிலைமையில் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது இரண்டு பாதமும் கொப்புளித்துவிட்டன. இடதுகாலில் ஒன்று உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. என் மனைவி திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். அவள் தனக்கா மரப்பட்டையைக் கல்லில் அரைத்து, உடையாத இடங்களில் மட்டும் பூசிவிட்டு, "நாளைக்குக் காலைல கோயிலுக்குப் போறோம்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

சனிக்கிழமை என்னை சைக்காவில் ஏற்றினார்கள். பக்கவாட்டில் ஆள் உட்காரும் மிதிவண்டி அது. இரண்டு நாளில் இரண்டாவது சைக்கிள், இதை ஓட்டியது வேறொருவர் என்பதால் விழாமல் போய்ச் சேர்ந்தேன். கோயில் முற்றத்தில் பூக்குழிக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பூசாரி என்னைவிடப் பத்து வயது இளையவர், கண்டிப்பானவர். குனிந்து என் பாதத்தைப் பார்த்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"என்னங்க இது? பூ மிதிக்க வந்தீங்களா, மிதிச்சிட்டு வந்தீங்களா?"

விறகு அடுக்கியவர்கள் சிரித்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். செருப்புப் போடவில்லை, கடைசிவரை போடவே இல்லை என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

"செருப்புப் போட வேணாம்னா வீட்டுல இருங்கன்னு அர்த்தம்ங்க. வெறுங்காலோட ஊர் சுத்துங்கன்னு அர்த்தமில்ல" என்றார் பூசாரி. "புண்ணுக் காலோட உங்கள எறக்க மாட்டேன். நாளைக்கு எதாச்சும் ஆச்சுன்னா ஆத்தா பேருதான் கெடும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷம். புதன்கிழமை விமானத்துக்கு அடுத்த வருஷம்.  அவர் காலில் விழலாம் என்று பார்த்தேன், விழுவதற்கு முதலில் நிற்க வேண்டும். நான் தூணைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போதே என் மனைவி முன்னால் போய் வலதுகையை நீட்டினாள்.

"எனக்குக் கட்டுங்க. நான் நேத்துலேர்ந்து சாப்பிடல."

பூசாரி என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த காப்பை அவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டு, புதுக் கயிறு எடுத்து அவள் கையில் கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் இறங்கினாள். மேளம், வேப்பிலை, மஞ்சள் தண்ணீர், கூட்டம். ஆண்கள் சிலர் ஓடினார்கள். ஒருவர் கத்திக்கொண்டு ஓடினார். என் மனைவி ஓடவில்லை. காய்கறி வாங்கிவிட்டு நேரமாகிவிட்டதே என்று வருகிற நடை, அவ்வளவுதான். அந்தப் பக்கம் போய்ப் பால் குழியில் கால் நனைத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு எங்களைத் தேடினாள். மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் துணி சுற்றிய கால்களோடு உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்த ஒரு மாமி, மிதித்துப் புண்ணாகிவிட்டது என்று நினைத்து, "விரதத்துல கொற வச்சுட்டீங்க போல" என்றாள். இல்லை, சைக்கிளில் குறை வைத்துவிட்டேன் என்று விளக்க எனக்குத் தெம்பு இல்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.

புதன்கிழமை விமான நிலையத்தில் என்னால் நடக்க முடியவில்லை என்று சக்கர நாற்காலி கொடுத்தார்கள். மகள் தள்ளினாள், மனைவி பெட்டியைத் தள்ளினாள். வாசலில் இருந்தவர் என்னிடம் பாஸ்போர்ட்டைக் கேட்டார். போகிறது நான் என்று நினைத்துவிட்டார். "நான் இல்ல, இவ" என்று கை காட்டினேன். அதுவரை என் வாயால் அதைச் சொன்னதில்லை.

வழியனுப்ப வந்தவர்கள் கயிற்றுக்கு இந்தப்பக்கம் நிற்க வேண்டும். அவள் எங்கள் இருவர் காலையும் தொட்டுக் கும்பிட்டாள். என் காலைத் தொடும்போது துணிமேல் மெதுவாகத் தொட்டாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த மேசை முன்னால் போய் நின்றாள். அங்கே இருந்தவர் தாள்களை வாங்கினார். ஒன்றைப் புரட்டினார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார். ஏதோ கேட்டார், அவள் ஏதோ சொன்னாள். அவர் அந்தத் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் உதடு அசைந்தது. நாற்காலியிலிருந்து நான் எழுந்து நின்றுவிட்டேன். பாதம் இரண்டும் எரிந்தன. இத்தனை நாள் விரதம் இருந்து, வெறுங்காலோடு திரிந்து, ஷூவை மறுத்து, எந்தத் தடங்கலும் வரக்கூடாது என்று கும்பிட்டவன் நான். அந்தத் தாள் வெளிச்சத்தில் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், சரியில்லை என்று சொல்லிவிடேன், திருப்பி அனுப்பிவிடேன் என்று அந்த ஆளை மனதுக்குள் கெஞ்சினேன்.

அவர் தாளைக் கீழே வைத்து முத்திரை குத்தினார். அவள் எங்கள் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போனாள். என் மனைவி கண்ணைத் திறந்து, "போயிட்டாளா?" என்று கேட்டாள்.

"போயிட்டா" என்றேன். பூ மிதித்தவள் பேச்சைத்தான் அம்மன் கேட்டாள். நான் கேட்டது என்ன என்று என் மனைவிக்கு இன்றுவரை சொல்லவில்லை.